எவ்வளவு காலமாகப் படிக்கிறாய்?

நான்கு மாதங்களாகக் கைப்பேசிச் செயலி ஒன்றில் கிரேக்க மொழி படிக்கிறேன். தேர்வுக்காக அல்ல. கணக்குப் பாடத்தில் ஆல்ஃபா, தீட்டா, பை என்று எழுதிக்கொண்டே இருந்தோமே, அந்த எழுத்துகளை வாசிக்கவாவது தெரியட்டுமே என்ற ஆசைதான்.

போன வாரம் நேரத்தைப் பற்றிய வினாச்சொற்கள் வந்தன. ‘போத்தெ’ என்று முதல் அசையை அழுத்தினால் ‘எப்போது’. அதையே ‘பொத்தே’ என்று கடைசியில் அழுத்தினால் ‘ஒருபோதும் இல்லை’! வெளியூர் போன நண்பரிடம் எப்போது திரும்புவார் என்று கேட்கும்போது நாக்கு பிசகினால் என்ன ஆகும் என்று நினைத்துச் சிரித்தேன். இன்னொரு வேடிக்கை: அவர்களுடைய கேள்விக்குறி, நாம் எழுதும் அரைப்புள்ளியைப் போலவே இருக்கும்.

என்னை நிறுத்தி வைத்தவை அடுத்து வந்த இரண்டு சொற்கள். ‘போசி ஓரா’ என்றால் எவ்வளவு நேரம். ‘போசோ கெரோ’ என்றால் எவ்வளவு காலம். பேருந்துக்குக் காத்திருப்பது முன்னது. ஓர் ஊரில் வாழ்வது பின்னது. மலாய்மொழியில் இரண்டுக்கும் ‘பெராப்பா லாமா’ போதும். ஆங்கிலத்திலும் ‘ஹவ் லாங்’ ஒன்றேதான். தமிழில் நேரம் வேறு, காலம் வேறு. கிரேக்கக் ‘கெரோ’வுக்கு வானிலை என்ற பொருளும் உண்டு. நாமும் மழைக்காலம், வெயில்காலம் என்கிறோமே.

அடுத்த வாக்கியம், ‘நீ எவ்வளவு காலமாகக் கிரேக்கம் படிக்கிறாய்?’ வினைச்சொல்லைப் பார்த்தேன். நிகழ்காலம். தமிழைப் போலவே! தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன புதிதில், ‘ஐ ஆம் லிவிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்று கட்டுரையில் எழுதிச் சிவப்புக் கோடு வாங்கியவள் நான். ‘ஹேவ் பீன்’ வர வேண்டுமாம். ஆங்கிலத்தில் அது பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் தமிழில் யோசிப்பதே குறை என்று வெகுநாள் நம்பியிருந்தேன். இப்போது பார்த்தால், ஏதென்ஸ் நகரத்துப் பிள்ளைகளும் ஆங்கிலம் கற்கும்போது இதே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள் போலிருக்கிறது.

சனிக்கிழமை செடெனாக் வீட்டுக்கு வந்ததும், ‘தி ஓரா ஈனெ?’ என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மணி என்ன என்று அர்த்தம். சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி திரும்பினார்.

“ஓரையா கேட்கிற? இப்போ குரு ஓரை.”

பாட்டி சொன்னதில் தவறில்லை. கிரேக்க வானியல் இந்தியாவுக்கு வந்தபோது ‘ஓரா’ வடமொழியில் ‘ஹோரா’ ஆனது. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் ‘ஓரை’ ஆனது. ஒரு நாளுக்கு 24 ஓரை. ஆங்கிலத்தின் ‘அவர்’ கூட அதே வேரிலிருந்து வந்ததுதான். சங்க இலக்கியத்தில் பெண்கள் ஆடும் ‘ஓரை’ வேறு, அது விளையாட்டு.

இதையெல்லாம் பாட்டியிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எவ்ளோ காலமா இதைப் படிக்கிற?” என்றார்.

“நாலு மாசமா, பாட்டி.”

“நல்ல ஓரையில ஆரம்பிச்சியா?”