ஊசி இறங்கும் கோணம்

வந்தாறுமூலைப் பக்கம் வாவிக்கரையில் கம்பொன்றில் குந்தியிருக்கும் மீன்கொத்தியைக் கவனியுங்கள். நெடுநேரம் அசையாது. சட்டென்று தலைகீழாக நீருக்குள் பாயும். கண் இமைப்பதற்குள் மேலெழும்.

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் சேரன் செங்குட்டுவனைப் பாடிய பரணர், போரில் கிழிந்த மார்பைத் தைக்கும் ஊசிக்கு இந்தப் பறவையைத்தான் உவமையாக்கினார். புண் தைப்பதை அருகிலிருந்து பார்த்தவருக்கே அப்படித் தோன்றியிருக்கும் என்று நம்புகிறேன். ஏனென்றால் இன்றைய சத்திரசிகிச்சைப் பாடமும் ஊசி மூழ்கி எழும் பாதையிலேயே தொடங்குகிறது.

வளைந்த ஊசியின் நுனி தோலில் செங்குத்தாக, 90 பாகையில் இறங்க வேண்டும். பிறகு மணிக்கட்டைத் திருப்பினால் ஊசி தன் வளைவின் வழியே காயத்தின் அடியைக் கடந்து, மறுபக்கத்தில் அதே ஆழம், அதே தூரம் பிடித்து மேலே வரும். சரிவாக இறக்கினால் நூல் மேற்பரப்பை மட்டுமே பற்றும். முடிச்சு இறுகும்போது விளிம்புகள் உள்ளே மடியும். தோலின் வெளிப்படை இறந்த கலங்களால் ஆனது. அது நடுவில் மாட்டிக்கொண்டால் இரு பக்கமும் நன்றாக ஒட்டாது, பள்ளமான தழும்பே மிஞ்சும். செங்குத்தாக இறங்கிய நூலோ அடியில் கூடுதலான இழையத்தை அள்ளி, விளிம்புகளைச் சற்று மேலே தூக்கி நிறுத்தும். தைத்த அன்று வீட்டாரைக் கவலைப்படுத்தும் அந்த மேடு சில மாதங்களில் தணிந்து தோலோடு சமமாகிவிடும்.

ஊசியை விளிம்புக்குத் தள்ளிக் குத்தினால் வலிக்கும், மிக அருகில் குத்தினால் விளிம்பு பிய்யும் என்று சுஸ்ருத சம்ஹிதை எச்சரிக்கிறது. சதைப்பற்றுக் குறைந்த இடத்துக்கும் மூட்டுக்கும் இரண்டு விரல் அளவு உருண்டை ஊசி, சதைப்பற்றுள்ள இடத்துக்கு மூன்று விரல் அளவு முப்பட்டை ஊசி, வயிற்றுக்கு வில்லாய் வளைந்த ஊசி என்று அது பிரித்தும் வைத்திருக்கிறது.

முடிச்சை நெரிக்கவும் கூடாது. அடுத்த இரண்டு நாட்களில் காயம் வீங்கும்; அப்போது இறுகிய நூல் இரத்த ஓட்டத்தைத் தடுத்துவிடும். ஒவ்வொன்றாக முடிச்சிடும் தனித்தையலில் ஓரிடம் சீழ் பிடித்தால் அந்த ஒன்றை மட்டும் வெட்டிவிடலாம். இழுவிசை அதிகமுள்ள இடத்தில், ஆழத்தில் ஒருமுறையும் மேலே ஒருமுறையும் பிடிக்கும் மெத்தைத் தையல் உதவும்.

இரத்தம் நிறைந்தோடும் முகத்தில் சுமார் 5 நாளில் தையலைப் பிரிக்கலாம். முழங்கால் மூட்டுக்கு 14 நாள்வரை ஆகும். பிந்தினால் நூலின் தடமே தழும்பாகும். முந்தினால் காயம் பிளக்கக்கூடும்: இரண்டு வாரத்தில் திரும்பும் வலிமை சொற்பம், மாதங்கள் கடந்தாலும் பழைய வலிமையில் சுமார் 80 சதவீதமே.

அறுவடையில் தாக்கத்தி காலைப் பதம் பார்த்தால் கோப்பித்தூளோ மஞ்சளோ அப்பாதீர்கள். சுத்தமான நீரில் கழுவி, துணியால் அழுத்திக் கட்டி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். கடைசியாக ஏற்பூசி போட்டது எப்போது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.