தொடர்ந்து 310 தோல்வி... அப்புறம் என்ன நடந்தது தெரியுமா?

26 வருஷம். 310 லீக் ஆட்டங்கள். அத்தனையிலும் தோல்வி! இப்படி ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. அதுவும் பேர் தெரியாத ஏதோ கல்லூரியில் அல்ல, நோபல் பரிசு வாங்கியவர்கள் வராந்தாவில் சாதாரணமாக எதிர்ப்படுகிற பல்கலைக்கழகத்தில். நம்ப முடிகிறதா? கலிஃபோர்னியாவின் பாஸடீனா நகரில் இருக்கும் கால்டெக்தான் அது. 'பிக் பேங் தியரி' பார்த்தவர்களுக்கு, ஷெல்டன் வேலை பார்க்கும் இடம் என்றால் சட்டென்று பிடிபடும்.

பேர்தான் பெரிசு, ஆள் கணக்கு ரொம்பச் சிறிசு. இளநிலைப் பட்டப் படிப்பில் மொத்தமே சுமார் ஆயிரம் பேர்தான். நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இதைவிடக் கூட்டம் அதிகம். 1891-ல் ஏமஸ் த்ரூப் என்பவர் தன் பெயரிலேயே தொடங்கிய கல்விக்கூடம் இது. இன்றைய பெயர் வந்தது 1920-ல். அதற்கு முன்பே, 1915-ல், தெற்குக் கலிஃபோர்னியாவின் குட்டிக் கல்லூரிகள் ஒன்றுகூடி ஒரு லீக் ஆரம்பித்தபோது த்ரூப்பும் அதில் கைகோத்தது. இன்றும் அதே லீக்தான். அணியின் சின்னம் என்ன தெரியுமா? பீவர்! பல்லாலேயே மரத்தை அறுத்துச் சாய்த்து, ஓடைக்குக் குறுக்கே அணை கட்டுகிற பிராணி. இன்ஜினீயர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னம் ஏது?

ஸ்போர்ட்ஸ் கோட்டா? மூச்! விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப்பும் கிடையாது. ஏழடி உயரம் என்பதற்காகக் கணக்கில் வாங்கிய மார்க்கைக் கண்டுகொள்ளாமல் விடும் வழக்கமும் கிடையாது. கணிதத்திலும் இயற்பியலிலும் தேறி உள்ளே வந்தவர்களில் யாருக்கு ஆட ஆசையோ அவர்களை வைத்துத்தான் அணி. இந்தக் கூடைப்பந்து அணியைப் பற்றி 'குவாண்டம் ஹூப்ஸ்' என்று ஒரு ஆவணப்படம் 2007-ல் வந்தது. 'எக்ஸ் ஃபைல்ஸ்' புகழ் டேவிட் டுகோவ்னிதான் அதற்குக் குரல் கொடுத்தார். அந்தச் சமயத்து அணியில், பள்ளிக்கூட டீமில் ஆடிய அனுபவம் உள்ளவர்களைவிட, பள்ளியிலேயே முதல் மாணவனாகத் தேறியவர்கள்தான் அதிகம்! உலகத்தில் வேறு எந்த அணிக்கு இப்படி ஒரு புள்ளிவிவரம் வாய்க்கும்?

எப்போதுமே தோற்றவர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் கோலூன்றித் தாண்டுதலில் வெள்ளி வாங்கிய கிளென் கிரஹாம் கால்டெக் மாணவர். தங்கம் வாங்கிய லீ பார்ன்ஸ் தாண்டியதும் 3.95 மீட்டர், கிரஹாம் தாண்டியதும் அதே 3.95 மீட்டர். சமனை முறிக்க மறுபடி தாண்ட வைத்ததில்தான் தங்கம் நழுவியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்கு ஃபில் கான்லி ஈட்டியோடு போனார். அவரும் கால்டெக்தான்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் நடந்தது இன்னும் வேடிக்கை. இரண்டாம் உலகப் போர் நேரம். அமெரிக்கக் கடற்படை தன் வருங்கால அதிகாரிகளைப் பல கல்லூரிகளில் படிக்க அனுப்பியது. கால்டெக்கிலும் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. விளைவு? 1944 சீசனில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோல்வி இல்லை. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்த மொத்தப் புள்ளி எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! போர் முடிந்தது, கடற்படைப் பையன்கள் கிளம்பினார்கள், பெருமையும் அவர்களோடே கப்பலேறியது.

1954-ல் கூடைப்பந்து அணி லீக் பட்டத்தையே தட்டியது. அதே 1954-ல்தான் கால்டெக் பேராசிரியர் லைனஸ் பாலிங்குக்கு வேதியியல் நோபல். அதன் பிறகு நோபல் பரிசுகள் வந்துகொண்டே இருந்தன. அந்தக் கோப்பை மட்டும் திரும்பி வரவில்லை.

இப்போது மைதானத்துக்கு வருவோம், ஏனென்றால் அது லேசுப்பட்ட மைதானம் இல்லை. பாஸடீனாவில்தான் புகழ்பெற்ற ரோஸ் பௌல் ஸ்டேடியம் இருக்கிறது. 1922-ல் கட்டியது, கிட்டத்தட்ட லட்சம் பேர் உட்காரலாம். புத்தாண்டுச் சமயத்தில் நாட்டின் மிகப் பெரிய கல்லூரி அணிகள் இரண்டு அங்கே மோதும், அமெரிக்காவே டி.வி. முன்னால் உட்காரும். அந்த மாபெரும் ஸ்டேடியம் பல வருஷம் கால்டெக் ஃபுட்பால் அணியின் சொந்த மைதானமாகவும் இருந்தது! அவர்கள் ஆடும்போது கேலரியில் எத்தனை நாற்காலி காலியாக இருந்திருக்கும் என்று கணக்குப் போடவே ஒரு கால்டெக் மாணவன் வேண்டும்.

சரி, புத்தாண்டு ஆட்டத்தில் ஆடத்தான் கூப்பிட மாட்டார்கள். அதற்காகச் சும்மா இருந்துவிடுவார்களா? 1961 ஜனவரி 2. வாஷிங்டனும் மினசோட்டாவும் மோதுகின்றன. இடைவேளையில் வாஷிங்டன் ரசிகர்கள் அட்டை வித்தை காட்டுவது ஏற்பாடு. ஒவ்வொரு இருக்கையிலும் வண்ண அட்டைகள், கூடவே ஒரு தாள். முதல் அழைப்புக்கு எந்த நிற அட்டையைத் தூக்க வேண்டும், இரண்டாவதுக்கு எது என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். தூக்குகிறவருக்குத் தன் அட்டையின் நிறம் மட்டும்தான் தெரியும், மொத்தமாக என்ன படம் வருகிறது என்பது தெரியாது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று புரிகிறதா? 14 கால்டெக் மாணவர்களுக்குப் புரிந்துவிட்டது!

அவர்களில் ஒருவர் பள்ளிப் பத்திரிகை நிருபர் என்று சொல்லிக்கொண்டு வாஷிங்டன் உற்சாகக் குழுவைப் பேட்டி எடுக்கப் போனார். எல்லாம் எப்படி நடக்கிறது என்று அவர்கள் வாயாலேயே கறந்துகொண்டு வந்தார். அந்தக் குழு டிஸ்னிலேண்ட் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய நேரம் பார்த்து, அவர்கள் தங்கியிருந்த அறைக்குள் நுழைந்து தாள்களை மாற்றிவிட்டார்கள். மொத்தம் 2,232 தாள். ஒவ்வொன்றிலும் அந்தந்த இருக்கைக்குரிய நிறத்தைக் கையால் திருத்த வேண்டும். ஒரு வீட்டுப்பாடத்துக்கு இவ்வளவு சிரமம் எடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆட்ட நாள். முதல் 11 படங்கள் பிசகில்லாமல் வந்தன. 12-வது, வாஷிங்டனின் சின்னமான ஹஸ்கி நாய். ஆனால் காது கொஞ்சம் வட்டமாக, பல் கொஞ்சம் துருத்திக்கொண்டு, பார்த்தால் பீவர் மாதிரி! யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 13-வதில் ஹஸ்கீஸ் என்ற பெயர் தலைகீழ் வரிசையில் வந்தது. சரி, யாரோ எங்கேயோ குழப்பிவிட்டார்கள் என்று விட்டார்கள். 14-வது அழைப்புக்கு அட்டைகள் உயர்ந்தன. கேலரி முழுக்கக் கொட்டை எழுத்தில் 'கால்டெக்'! வாஷிங்டன் ரசிகர்களே தங்கள் கையால் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள், டி.வி.யில் சுமார் 3 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த அழைப்பைக் கொடுக்க உற்சாகக் குழுவுக்கு வாயே வரவில்லையாம்.

அடுத்த தலைமுறை சும்மா இருக்குமா? 1984, அதே ஸ்டேடியம், யு.சி.எல்.ஏ.வும் இல்லினாயும் மோதிய ஆட்டம். ஸ்கோர்போர்டில் முன்கூட்டியே ஒரு கருவியைப் பொருத்தி, தூரத்திலிருந்து ரேடியோ அலையால் அதை இயக்கினார்கள். கடைசிக் கட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த அணிகளின் பெயர் மறைந்து, 'கால்டெக் 38, எம்.ஐ.டி. 9' என்று ஒளிர்ந்தது! ஸ்கோர்போர்டையே அணைக்க வேண்டியதாயிற்று. நகராட்சி வழக்குப் போட்டது. கல்லூரியோ அதை மின்சுற்றுச் செய்முறையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. கோர்ட்டில் குற்றம், வகுப்பில் கிரெடிட்! ஃபுட்பால் அணி 1993-ல் மூடப்பட்டது. அதனால் என்ன, அட்டையும் ஸ்கோர்போர்டும் வாங்கித் தந்த பேரை எந்த அணியும் வாங்கித் தந்திருக்க முடியாது.

மறுபடி கூடைப்பந்து. கிரெக் பாப்பவிச்சைத் தெரியுமா? சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு 5 என்.பி.ஏ. பட்டம் வாங்கித் தந்த மகா கோச். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவரும் அவரே. அவர் 1979-ல் பக்கத்து ஊர்க் கல்லூரியான பொமோனா-பிட்ஸரில் கோச்சாக வந்து சேர்ந்தார். முதல் சீசனில் 2 வெற்றி, 22 தோல்வி. அந்த 22-ல் ஒன்று யாரிடம்? கால்டெக்கிடம்! லீக்கில் தொடர்ந்து 99 முறை தோற்றிருந்த அணி, 100-வது தோல்விக்கு முன்னால் பாப்பவிச்சைப் பிடித்து வைத்து ஜெயித்தது.

இன்னொரு ஆச்சரியம். இன்றைக்கு என்.பி.ஏ. அணி ஒவ்வொன்றும் புள்ளிவிவர நிபுணர்களை வைத்துக்கொண்டு, எங்கிருந்து எறிந்தால் எத்தனை சதவீதம் விழும் என்று கணக்குப் போடுகிறதே, அந்தத் துறையின் முன்னோடி டீன் ஆலிவர். ஜெயிப்பதற்கு எறிதல், பந்தை இழக்காமை, ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ என்ற நான்கு சங்கதிகள்தான் முக்கியம் என்று பிரித்துக் காட்டியவர். அவர் எந்த அணியில் ஆடினார் தெரியுமா? கால்டெக்கில், அதுவும் அந்த 310 தோல்விக் காலத்தில்! ஜெயித்துக்கொண்டே இருக்கிறவனுக்கு ஏன் ஜெயித்தோம் என்று யோசிக்க நேரம் இருக்காது. இவருக்கு யோசிக்க ஏராளமான ஆட்டங்கள் கிடைத்தன என்பது என் அனுமானம்.

1985 ஜனவரியில் லா வெர்ன் கல்லூரியை ஜெயித்ததோடு லீக்கில் அதிர்ஷ்டம் கதவைச் சாத்திவிட்டது. லீக்குக்கு வெளியேயும் நிலைமை மோசம்தான். தங்கள் பிரிவைச் சேர்ந்த எந்தக் கல்லூரியோடு ஆடினாலும் தோல்வி, 1996-லிருந்து வரிசையாக 207. அந்தச் சங்கிலி 2007 ஜனவரி 6 அன்று அறுந்தது. நியூயார்க்கிலிருந்து வந்த பார்ட் கல்லூரியை 81-52 என்று துவைத்து எடுத்தார்கள். தட்டுத் தடுமாறி அல்ல, 29 புள்ளி வித்தியாசத்தில்! அதே மாதம் பெண்கள் அணியும் எழுந்து நின்றது. 50 ஆட்டத் தோல்விக்குப் பிறகு பொமோனா-பிட்ஸரை 55-53 என்று சாய்த்து, லீக்கில் தன் முதல் வெற்றியைப் பதிவு செய்தது. அன்றைக்கு பெஞ்சில் கௌரவப் பயிற்சியாளராக உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? ராபர்ட் கிரப்ஸ். 2005-ல் வேதியியலுக்கு நோபல் வாங்கியவர்!

ஆண்கள் அணிக்கு லீக் வெற்றி இன்னும் 4 வருஷம் தள்ளிப் போனது. 2011 பிப்ரவரி 22, சொந்த அரங்கம், சீசனின் கடைசி ஆட்டம், எதிரில் ஆக்ஸிடென்டல் கல்லூரி. பராக் ஒபாமா முதலில் சேர்ந்து படித்த அதே கல்லூரிதான். ஆட்டம் முடிய 3.3 விநாடி இருக்கும்போது கால்டெக்குக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. ஸ்கோர் 45-45. கோட்டில் நின்ற கடைசி வருஷ மாணவன், 1985-ல் அணி கடைசியாக ஜெயித்தபோது பிறக்கவே இல்லை. பந்து வளையத்துக்குள் விழுந்தது. 46-45! மாணவர்கள் கூட்டம் திமுதிமுவென்று களத்துக்குள் பாய்ந்தது.

இத்தோடு முடிந்ததென்றால் சினிமா ஆகியிருக்கும். நடந்தது வேறு. அந்த வருஷமே விளையாட்டுத் துறைக்குப் புது இயக்குநர் வந்தார், பெட்ஸி மிட்செல். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்ஸில் பதக்கம் வாங்கிய நீச்சல் வீராங்கனை. ஏடுகளைப் புரட்டியவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. கால்டெக்கில் அப்போது ஒரு பழக்கம் இருந்தது. பருவம் தொடங்கி முதல் 3 வாரம் மாணவர்கள் பிடித்த வகுப்பிலெல்லாம் போய் உட்கார்ந்து பார்ப்பார்கள், பிறகுதான் எது வேண்டுமோ அதில் பெயர் பதிவார்கள். காய்கறிக் கடையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குவது போல. படிப்புக்கு நல்லதுதான். ஆனால் அந்த 3 வாரமும் காகிதக் கணக்கில் அவர்கள் முழுநேர மாணவர்கள் இல்லை. முழுநேர மாணவர் அல்லாதவர் ஆடினால், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி குற்றம்!

வேறு இடமென்றால் ஏட்டை மூடி வைத்திருப்பார்கள். கால்டெக் தானே போய்ச் சங்கத்திடம் ஒப்புக்கொண்டது. இந்தக் கல்லூரியில் பரீட்சைத் தாளை மாணவர்கள் அறைக்கு எடுத்துப் போய், மேற்பார்வை இல்லாமல், கடிகாரம் பார்த்துத் தாங்களே எழுதி முடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். யாரும் யாருக்கும் அநியாயம் செய்யக் கூடாது என்பதுதான் அங்கே சட்டம். அப்படிப்பட்ட இடம் இதை மறைத்திருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். 12 விளையாட்டுகளில் 30 மாணவர்கள் தகுதி இல்லாத நேரத்தில் ஆடியிருக்கிறார்கள் என்று 2012 ஜூலையில் தீர்ப்பு வந்தது. 3 வருஷம் கண்காணிப்பு, 5,000 டாலர் அபராதம், அந்த விளையாட்டுகளில் ஒரு வருஷம் சீசனுக்குப் பிந்தைய போட்டிகளுக்குத் தடை. ஒப்புக்கொண்டவனுக்கே இவ்வளவு தண்டனையா என்று அப்போது அமெரிக்கப் பத்திரிகைகள் சங்கத்தைக் கிண்டலடித்தன. எனக்கும் அந்தக் கிண்டல் நியாயமாகத்தான் படுகிறது.

தண்டனைப் பட்டியலில் இருந்ததிலேயே உச்சம் எது தெரியுமா? தகுதி இல்லாதவர்கள் ஆடிய ஆட்டங்களில் கிடைத்த வெற்றிகள் ரத்து! கால்டெக்கிடம் வெற்றியைப் பிடுங்குவதா? பேஸ்பால் அணிக்கு அந்தக் கவலையும் இல்லை. அது 2003-க்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை. பிடுங்க ஏதாவது இருந்தால்தானே! தீர்ப்பு வந்த 7-வது மாதம், 2013 பிப்ரவரியில், 228 தோல்விகளுக்குப் பிறகு அந்த பேஸ்பால் அணி பசிஃபிகா கல்லூரியை 9-7 என்று ஜெயித்தது. ரத்தானவை எல்லாம் பழைய வெற்றிகள், இது புதுசு. அதனால் இதில் எந்தச் சங்கமும் கை வைக்க முடியாது!