நடந்துகொண்டே கவுன்சலிங்

ஆலோசகரும் ஆலோசனை தேடி வந்த இளைஞரும் நான்கு சுவருக்குள் எதிரெதிரே உட்காராமல், வெளியில் பக்கம் பக்கமாக நடந்துகொண்டே பேசும் கவுன்சலிங் முறை பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது. கூட்டாளியோடு வாக்கிங் போய் மனம்விட்டுப் பேசுவதும் இதுவும் ஒன்றல்ல. கூட நடப்பவர் பயிற்சி பெற்றவர். குறித்த நேரம், குறித்த நோக்கம், கேட்டதை வெளியே சொல்லாத கடமை ஆகிய மூன்றும் அறைக்குள் இருப்பதுபோலவே இங்கும் உண்டு. இடமும் உடம்பின் இருப்பும்தான் மாறுகின்றன.

இதன் தொடக்கத்தைத் தேடினால் சிக்மண்ட் பிராய்டு வரை போகலாம். சாய்மெத்தையில் படுக்கவைத்துப் பேச்சைக் கேட்டவர் என்றே பெயர் பெற்ற அவர், 1910 ஆகஸ்டில் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரைச் சந்தித்தபோது, சுமார் நான்கு மணி நேரம் தெருக்களில் நடந்தபடியே அவருடைய மண வாழ்க்கைச் சிக்கலைக் கேட்டறிந்தார். 1970களில் அமெரிக்க மனநல மருத்துவர் தாடியஸ் கோஸ்ட்ருபாலா தம் நோயாளிகளோடு சேர்ந்து மெல்லோட்டம் ஓடினார். 1976-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். இளையோரை வெளியிடங்களுக்கு அழைத்துப்போய்த் திடப்படுத்தும் எண்ணம் வேறொரு வழியில் வந்தது. கர்ட் ஹான் முதலானோர் 1941-இல் வேல்ஸ் கடற்கரையில் தொடங்கிய ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளி அதற்கு முன்னோடி. பின்னாளில் அமெரிக்காவில் முளைத்த சில காட்டு முகாம்கள், பிள்ளைகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக மாதக்கணக்கில் வைத்திருந்து, உயிரிழப்பு வரை போய்க் கெட்ட பெயர் எடுத்தன. நடை கவுன்சலிங்கை அவற்றோடு சேர்த்துவிடக் கூடாது. இது ஒரு மணி நேர நடை. வேண்டாம் என்றால் பாதியில் திரும்பிவிடலாம்.

இளையோருக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதை அறையிலிருந்தே விளக்கலாம். பதினாறு வயதுப் பையனுக்கு மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரியவர் யாராக இருந்தாலும் ஹெட்மாஸ்டர்தான். நிமிர்ந்து பார்த்தால் திமிர் என்பார்கள், குனிந்தால் எதையோ மறைக்கிறான் என்பார்கள் என்று அவன் பழகியிருக்கிறான். ‘என்ன பிரச்சினை, சொல்லு’ என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் ஆலோசகரின் அமைதி அவனுக்கு விசாரணையாகவே படும். பக்கத்தில் நடக்கும்போது இருவர் கண்ணும் பாதைமேல் இருக்கும். பேச்சு அறுந்தாலும் கால் நடக்கும், மௌனம் உறுத்தாது. வாய்க்கால் மதகைத் தாண்டும்போது, ஒரு கொக்கு எழும்பும்போது, பேச்சை வேறு பக்கம் திருப்பவும் முடியும், திருப்பியதை மறுபடி இழுக்கவும் முடியும். சொல்லக் கூச்சமான செய்தியை எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் சொல்வது எளிது. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் மகன், வீட்டில் வாயே திறக்காதவன், அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது அதனால்தான்.

ஆய்வுகளும் ஓரளவு துணை நிற்கின்றன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கிரிகரி பிராட்மன் குழு 2015-இல் 38 பேரைப் பிரித்து, ஒரு பாதியை மரங்கள் நிறைந்த புல்வெளியிலும் மறுபாதியைப் போக்குவரத்து மிகுந்த சாலையோரமும் 90 நிமிடம் நடக்கவிட்டது. புல்வெளியில் நடந்தவர்களுக்கு, வருத்தத்தையே திரும்பத் திரும்ப அசைபோடும் போக்கு குறைந்தது. அதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் செயற்பாடும் தணிந்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2014-இல் வந்த இன்னொரு ஆய்வு, நடக்கும்போது புதுப்புது எண்ணங்கள் அதிகம் தோன்றுவதாகக் கண்டது. ஆனால் ஒரே விடையைக் குறிவைத்துத் தேடும் வேலையில் நடப்பவர்கள் சற்றுப் பின்தங்கினர். ஆலோசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது: மனத்தில் கிடப்பதைக் கொட்ட நடை உதவும்; அடுத்த வாரம் என்ன செய்வது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று முடிவெடுக்க ஓரிடத்தில் உட்காருவதே நல்லது. உடற்பயிற்சியும் மனச்சோர்வும் பற்றிய 218 ஆய்வுகளை, மொத்தம் 14,170 பேரை உள்ளடக்கியவற்றை, ஒன்றுசேர்த்துப் பார்த்து 2024-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரையும் நடை, மெல்லோட்டத்துக்கு நல்ல இடம் தந்தது. இவற்றில் எதுவும் பதின்வயதினரோடு நடந்துகொண்டே செய்த கவுன்சலிங்கை நேரடியாக அளந்ததல்ல. நடைக்குத் தனிப் பலன் உண்டு, பேச்சுக்குத் தனிப் பலன் உண்டு. இரண்டும் கூடினால் இன்னும் நல்லது என்பது நியாயமான ஊகம், அவ்வளவே.

இதைக் குமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டில் நடத்துவதானால் பாதைக்குப் பஞ்சமில்லை. கற்சிற்பத்துக்குப் பேர்போன மயிலாடியின் சாலையோரம் மட்டும் ஆகாது. பட்டறைகளில் கட்டர் கல்லை அறுக்கும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, கல்தூசி வேறு. சாலையை விட்டு வயலுக்குள் இறங்கினால் வாய்க்கால் கரையும் தென்னந்தோப்பும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப்போனால் தேரூர், சுசீந்திரம் குளங்கள். ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த இடம் அது. மழைக்காலம் முடிந்ததும் வெளிநாட்டுப் பறவைகள் குவியும் அந்தக் குளக்கரை, சும்மா நின்று பார்ப்பதற்கே ஒரு காரணம் தரும். பக்கத்திலிருக்கும் மருத்துவாழ்மலை பெயருக்குப் பொருத்தமாகத் தோன்றினாலும் இந்த வேலைக்கு ஒத்துவராது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது பேச்சு வராது. சமதரையில், இருவருக்கும் வேர்க்காத வேகத்தில், காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ நடப்பதுதான் முறை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டும் மாவட்டம் என்பதால், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதும் முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

நடந்து வேண்டுதலை நிறைவேற்றுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. மகா சிவராத்திரியை ஒட்டி முஞ்சிறையிலிருந்து திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்களை, நூறு கிலோமீட்டருக்கு மேல், ‘கோவிந்தா கோபாலா’ என்று முழங்கி ஓடியும் நடந்தும் கடக்கிற சிவாலய ஓட்டத்தில் இளைஞர் கூட்டம் ஏராளம். அது கூட்டத்தோடு கலந்து ஓடுவது. கவுன்சலிங் நடை தனியாள் சமாச்சாரம்.

உண்மையான சிக்கலும் இங்கேதான். ஊரில் யாரும் யாருக்கும் அந்நியரில்லை. ‘என்ன மக்கா, எங்க போற? கூட வாறது ஆரு?’ என்ற கேள்வி பத்து எட்டுக்கு ஒருமுறை வரும். அன்பால் வருவதுதான், ஆனாலும் பதில் சொல்லியாக வேண்டும். அறைக்குள் போனதை நாலு பேர் பார்த்தால் ஒரு பேச்சு; வரப்பில் போவதை ஊரே பார்க்கும். நடப்பது ஒரு பெண்பிள்ளையும் ஆண் ஆலோசகரும் என்றால் கேட்கவே வேண்டாம், அன்று மாலைக்குள் வீட்டுக்குச் செய்தி போய்விடும். அதனால், அறிந்த முகம் எதிரே வந்தால் என்ன சொல்வது, ஆலோசகரை என்னவென்று அறிமுகப்படுத்துவது என்பதை முதல் சந்திப்பிலேயே, அறையில் உட்கார்ந்து, பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பாதையைத் தேர்ந்தெடுப்பது இளைஞரின் உரிமை. சொந்த ஊரை விட்டு இரண்டு ஊர் தள்ளி நடப்பது பல வேளைகளில் நல்லது. பெண்களுக்குப் பெண் ஆலோசகர் என்பது இந்த முறையில் வசதிக்காக அல்ல, அவசியத்துக்காக.

ரகசியம் காப்பது வெறும் மரியாதையும் அல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு அதை உரிமையாகவே வகுத்திருக்கிறது. அதற்கு எல்லையும் உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஆலோசகர் சும்மா இருக்க முடியாது. பதினெட்டு வயது நிறையாதவர் பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு சொன்னால் நம்பிக்கை போய்விடும். சிறாரை அழைத்துப்போகப் பெற்றோரின் சம்மதமும், எந்த வழியாகப் போகிறார்கள் என்ற தகவலும் தேவை.

எல்லோருக்கும் இது ஏற்றதும் அல்ல. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், மனக்குழப்பத்தில் குரல்கள் கேட்பவர், கூட்டத்தைக் கண்டாலே நடுங்குபவர் ஆகியோருக்கு மருத்துவமனைதான் முதலிடம். குமரி மாவட்டத்தில் அதற்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நடக்க இயலாதவர்களுக்கு, மரத்தடிப் பெஞ்சில் பக்கம் பக்கமாக உட்காருவதே பாதிப் பலனைத் தந்துவிடும்.

தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. அங்கே நடத்தும் முகாம்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மனநலத்துக்கு ஒரு நாற்காலி போடுவதற்குப் பெரிய செலவில்லை. தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் முன்னின்று 2015-16-இல் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. அவர்கள் எல்லோரையும் நேரில் சந்திக்கும் அளவுக்கு ஆலோசகர்கள் கிடையாது.

2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை அந்தக் குறையில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அதை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் பேச வேண்டும் என்று விதி இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் தனியே நடக்கும் பையனிடமோ பெண்ணிடமோ, கூட வருவது யார் என்று ஊரில் ஒருவரும் கேட்கப் போவதில்லை.