தாய்மைக்கு முன் – 9: மாத்திரை உடன்குடியில், மாப்பிள்ளை மும்பையில்

“அக்கா, எனக்குப் புத்து கித்துன்னு ஏதும் இருக்கா? டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலியே…”

உடன்குடியிலிருந்து போனில் கேட்டவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கையில் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராம் அட்டை. உள்ளே மடித்திருந்த தாளில் மார்பகப் புற்றுநோய் என்று படித்ததும் கைகால் நடுங்கிவிட்டது. நீர்க்கட்டி, குழந்தை தங்கவில்லை என்று வீடியோவில் மருத்துவரிடம் பேசி வாங்கிய சீட்டு அது. எதற்கு இந்த மாத்திரை என்று இரண்டு நிமிடம் விளக்கியிருந்தால் அன்றிரவு அவள் தூங்கியிருப்பாள்.

லெட்ரோசோல் புற்றுநோய்க்காக வந்த மருந்துதான். உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைக் குறைப்பது அதன் வேலை. மாதவிலக்கான மூன்றாம் நாள் வாக்கில் தொடங்கி ஐந்து நாள் சாப்பிட்டால், ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிட்டதே என்று மூளை விழித்துக்கொள்கிறது. பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. சினைப்பையில் முட்டை வளர்கிறது. 1960-களிலிருந்து புழங்கிவரும் குளோமிஃபீன் வேறு வழியில் போகிறது. ஈஸ்ட்ரோஜன் இருப்பதையே மூளைக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

குழந்தையின்மைக்கு லெட்ரோசோல் கொடுக்கக் கூடாது என்று 2011 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் தடை போட்டது. 2014-ல் அமெரிக்காவில், நீர்க்கட்டி உள்ள 750 பெண்களிடம் இரண்டு மாத்திரைகளையும் ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் 27.5 சதவீதம் பேருக்கும் குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் 19.1 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. நம் நாட்டுத் தடையும் பின்னர் விலகியது. நீர்க்கட்டியால் முட்டை வெடிக்காத பெண்களுக்கு லெட்ரோசோலையே முதலில் கொடுக்கச் சொல்கிறது 2023-ன் சர்வதேச வழிகாட்டுதல். தடை போட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். பெண்ணின் உடம்புக்குள் போகும் மருந்தைக் கேள்வி கேட்பது அரசின் கடமை. சந்தேகம் தீர்ந்த பிறகு அதைப் பெண்களிடம் எடுத்துச் சொல்வதும் கடமைதான். அது நடக்கவில்லை.

போனில் மருத்துவரைப் பார்ப்பது சட்டப்படி சரியா என்று பலர் கேட்கிறார்கள். சரிதான். ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்றே தொலை மருத்துவ வழிகாட்டுதல் வந்துவிட்டது. முதல் ஆலோசனை வெறும் குரலிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ நடந்தால், சீட்டில்லாமல் கிடைக்கும் சாதாரண மருந்துகளைத் தாண்டி எழுத முடியாது. வீடியோவில் முகம் பார்த்துப் பேச வேண்டும். சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும். நேரில் பரிசோதிக்க வேண்டும் என்று அவர் நினைத்தால் நேரில்தான் போக வேண்டும். காசில்லாமல் பார்க்க, அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது.

கருப்பட்டிக்குப் பேர்போன உடன்குடியிலிருந்து திருச்செந்தூர், தூத்துக்குடி, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் என்று அலைந்தால் ஒரு நாள் கூலி போகும். அதைவிடக் கொடுமை, காத்திருக்கும் பெஞ்சில் சொந்தக்காரர் எவராவது “என்ன, விசேஷமா?” என்று கேட்பது. ரிப்போர்ட்டைக் காட்டிப் பேசவும், அடுத்த மாதச் சீட்டு வாங்கவும் போன் பெரிய உதவி.

ஆனால் போனில் ஸ்கேன் எடுக்க முடியாது. மாத்திரைக்கு முன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் பார்க்க வேண்டும். மாத்திரை முடிந்த பின் ஃபாலிகுலர் ஸ்கேனில் முட்டை வளரும் நீர்ப்பை 18 மில்லிமீட்டரை எட்டுகிறதா, ஒன்றா மூன்றா என்று பார்க்க வேண்டும். குளோமிஃபீனில் உண்டாகும் கர்ப்பங்களில் நூற்றுக்கு ஏழெட்டு இரட்டையாகிவிடும். கண் மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். வயிறு உப்பி, வாந்தி வந்து, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் போனைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பலித்தது என்று அதே அட்டையை வாங்கி விழுங்குவது ஆபத்து.

போனில் கேட்ட பெண்ணிடம் நான் திருப்பிக் கேட்டேன்: “அவர் எங்கே?”

“மும்பையில, கடையில. தசராவுக்குத்தான் வருவாவ.”

வெளிவந்த முட்டை ஒரு நாளுக்குமேல் உயிரோடு இருக்காது. விந்தணு தாக்குப்பிடிப்பது அதிகபட்சம் ஐந்து நாள். மாப்பிள்ளை ஊரில் இல்லாத மாதத்தில் இந்த மாத்திரை சாப்பிட்டு என்ன பயன்? அவருக்கு விந்தணுப் பரிசோதனையும் செய்திருக்கவில்லை. குழந்தையில்லாத தம்பதியரில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனாலும் மாத்திரை, ஸ்கேன், ஊசி, ஏச்சு எல்லாம் பெண்ணுக்கே. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

தொலை மருத்துவத்தின் முழுப் பலனும் இங்கேதான் இருக்கிறது. விந்தணுப் பரிசோதனையை மாப்பிள்ளை மும்பையிலோ துபாயிலோ இருந்தபடியே செய்து ரிப்போர்ட்டை அனுப்பலாம். வீடியோவில் மூன்று பேரும் சேர்ந்து பேசி, அவர் லீவுக்கு வரும் தேதியை வைத்து மாத்திரை தொடங்கும் மாதத்தை முடிவு செய்யலாம். ஆகவே தங்கைகளே, அவருடைய ரிப்போர்ட் மருத்துவர் கைக்கு வரும்வரை முதல் மாத்திரையைப் பிரிக்காதீர்கள். மாப்பிள்ளைமார்களே, அடுத்த வார விடுமுறையன்று லேப்புக்குப் போய் வாருங்கள்.

(தொடரும்)