பாக்கெட் ரிவால்வர்: எடை குறையக் குறைய சிக்கல் ஏன் கூடுகிறது?

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய், "தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒன்று வேண்டும்" என்று கேட்டால், கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டப்படும் பொருட்களில் குட்டையான ஐந்து தோட்டா ரிவால்வர் ஒன்று நிச்சயம் இருக்கும். கையில் வாங்கிப் பார்ப்பவருக்கு ஆச்சரியம்தான். அரை கிலோகூட இல்லை. ஒரு பெரிய ஸ்மார்ட்போனும் ஒரு பவர் பேங்கும் சேர்ந்த எடை, அவ்வளவுதான். "இவ்ளோ லேசா இருக்கே, இதையே கொடுங்க" என்று சொல்லிவிடுவது சுலபம்.

அப்படிச் சொல்லக்கூடியவர்கள் அங்கே கொஞ்ச நஞ்சமில்லை. பியூ ஆய்வு மையம் 2023-இல் நடத்திய கருத்துக்கணிப்பில், அமெரிக்கப் பெரியவர்களில் 32% பேர் தங்களிடம் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் 72% பேர் சொன்ன முக்கியக் காரணம் பாதுகாப்பு. வெளியே போகும்போது துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல, பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்போது தனி அனுமதிகூடத் தேவையில்லை. தனிப்பட்ட அவசியம் இருப்பதாக நிரூபித்தால்தான் அனுமதி என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தையும் 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆக, 'எதை எடுத்துச் செல்வது' என்பது அங்கே ஹெல்மெட் வாங்குவது போல ஒரு நுகர்வோர் கேள்வியாகவே ஆகிவிட்டது.

பிஸ்டல் இருக்க ரிவால்வர் எதற்கு?

நியாயமான கேள்வி. 2018-இல் வந்த சிக் சாவர் பி365 பிஸ்டலில் மேகசினில் 10, குழலில் 1 என 11 தோட்டாக்கள். குட்டி ரிவால்வரில் வெறும் 5. கணக்குப் பார்த்தால் ரிவால்வர் எப்போதோ காணாமல் போயிருக்க வேண்டும்.

ஆனால் பாக்கெட் வேறு கணக்குப் போடுகிறது. பிஸ்டல் சுடும்போது அதன் மேல்பகுதி பின்னோக்கி நகர்ந்து திரும்ப வேண்டும். துணி சிக்கினாலோ, பிடி தளர்ந்தாலோ அடுத்த தோட்டா ஏறாமல் மாட்டிக்கொள்ளலாம். ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி விசையை இழுத்தால் சிலிண்டர் சுழன்று அடுத்தது வந்து நிற்கும். கைப்பிடியும் வளைவாக இருப்பதால் பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது விரல் எளிதில் பற்றிக்கொள்ளும். ஹேமர் வெளியே தெரியாத மாடல் என்றால் துணியில் கொக்கி போல மாட்டுகிற பேச்சே இல்லை.

இந்த வடிவம் ஒன்றும் புதிதல்ல. கோல்ட் நிறுவனத்தின் டிடெக்டிவ் ஸ்பெஷல் 1927-இல் வந்தது. ஸ்மித் அண்ட் வெஸன் 1950-இல் 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' என்ற ஐந்து தோட்டா ரிவால்வரைக் கொண்டுவந்தது. பின்னாளில் மாடல் 36 என்று பெயர் பெற்றது அதுதான். இன்றைய பாக்கெட் ரிவால்வர்களில் பாதிக்கு மேல் அதன் பேரப்பிள்ளைகள் என்று சொன்னால் மிகையில்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் கோல்ட் நிறுவனம் அலுமினியக் கலவை உடலோடு 'கோப்ரா' என்ற லேசான ரிவால்வரை விற்றது. 1963 நவம்பர் 24 அன்று, டல்லாஸ் காவல் தலைமையகத்தில் தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் லீ ஹார்வி ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுட்டது இந்த கோப்ரா ரகத் துப்பாக்கியால்தான். பாக்கெட்டில் எவ்வளவு நன்றாக மறையும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான விளம்பரம் கிடைக்காது.

எடை போனால் உதை வரும்

எஃகில் செய்த மாடல் 36 சுமார் 550 கிராம். அதே அளவில் அலுமினியக் கலவை உடல் கொண்ட மாடல் 642 சுமார் 420 கிராம். உடலின் ஒரு பகுதியைப் பாலிமரில் செய்து 2009-இல் ரூகர் நிறுவனம் கொண்டுவந்த எல்சிஆர் 385 கிராமுக்குப் பக்கம். ஸ்காண்டியம் கலந்த அலுமினிய உடல், டைட்டானியம் சிலிண்டர் என்று போகும் ஸ்மித் அண்ட் வெஸன் 340பிடி கிட்டத்தட்ட 330 கிராம்தான். இதில் .357 மேக்னம் என்ற, மிகச் சக்தி வாய்ந்த தோட்டாவைப் போட்டும் சுடலாம்.

சுடலாம். சுட்டவர்கள் பலர் இரண்டாவது முறை சுட விரும்புவதில்லை.

பத்தாம் வகுப்பு இயற்பியல்தான் காரணம். தோட்டா முன்னால் பாயும் அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வருகிறது. தோட்டா மாறாமல் துப்பாக்கியின் எடை மட்டும் பாதியானால், அது பின்னால் வரும் வேகம் இரட்டிப்பாகும். உள்ளங்கை வாங்க வேண்டிய ஆற்றலும் இரட்டிப்பாகும். கனமான துப்பாக்கியில் இந்த உதையை இரும்பே ஓரளவு வாங்கிக்கொள்கிறது. லேசான துப்பாக்கியில் அது நேராகக் கைக்கு வருகிறது.

கைக்கு மட்டுமல்ல, உள்ளே இருக்கும் தோட்டாக்களுக்கும் வருகிறது. துப்பாக்கி சட்டென்று பின்னால் உதைக்கும்போது, இன்னும் சுடப்படாத தோட்டாக்களின் பித்தளைக் கூடும் கூடவே பின்னால் போகும். ஆனால் முனையில் இருக்கும் ஈயக் குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். திடீர் பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்பவர் முன்னால் சாய்கிற அதே கதை. குண்டு கூட்டிலிருந்து கொஞ்சம் வெளியே நழுவி, சிலிண்டருக்கு முன்னால் துருத்திக்கொண்டால் சிலிண்டர் சுழலாது. எது நடந்தாலும் ரிவால்வர் வேலை செய்யும் என்று நம்பித்தானே வாங்கினார்கள்! இது தவிர, டைட்டானியம் சிலிண்டர் சீக்கிரமே அரிக்கப்படாமல் இருப்பதற்காக 340பிடியின் குழலிலேயே, 120 கிரெயினுக்கு, அதாவது ஏறத்தாழ 7.8 கிராமுக்குக் குறைந்த குண்டுகளைப் போடாதீர்கள் என்று பொறித்திருக்கிறார்கள்.

அரை கிலோ துப்பாக்கி, ஐந்து கிலோ விசை

உதையாவது சுட்ட பிறகு வருவது. அதற்கு முன்பே ஒரு சிக்கல் உண்டு. இந்த ரிவால்வர்களில் பெரும்பாலானவற்றில், பிஸ்டல்களில் இருப்பது போல விரலால் தள்ளும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. விசை கடினமாக இருப்பதுதான் பாதுகாப்பு. அதை இழுக்க ஏறத்தாழ ஐந்து கிலோ விசை தேவைப்படும். நானூறு கிராம் பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் ஐந்து கிலோ இழுக்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். குழலோ ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. குறிபார்க்க மேலே ஒரு சின்னப் பள்ளமும் முன்னால் ஒரு மேடும் மட்டும். கை ஒரு நூல் ஆடினாலும் குறி எங்கேயோ போய்விடும்.

பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் "சின்னதா, லேசா" என்று இதையே எடுத்துக் கொடுக்கும் விற்பனையாளர்கள் மீது அமெரிக்கப் பயிற்சியாளர்களுக்கு நீண்டகாலக் கோபம் உண்டு. விரலில் வலு குறைந்தவருக்குக் கடினமான விசை, மணிக்கட்டு வலி உள்ளவருக்கு அதிகமான உதை. கற்றுக்கொள்ள மிகக் கஷ்டமான துப்பாக்கி, புதிதாகக் கற்பவரிடமே போய்ச் சேருகிறது. ஒரு பெட்டித் தோட்டாவில் பாதிகூடத் தீராமல் கை வலித்து, துப்பாக்கி அலமாரிக்குப் போய்விடும். பழகாத துப்பாக்கியை நம்பித் தெருவில் நடப்பது, துப்பாக்கி இல்லாமல் நடப்பதைவிட எந்த விதத்தில் பத்திரம் என்று தெரியவில்லை.

அனுபவசாலிகள் பலரும் அதனால் ஒரு படி இறங்கி வருகிறார்கள். .357 சுடக்கூடிய துப்பாக்கியிலும் .38 ஸ்பெஷல் போடுகிறார்கள். அல்லது கொஞ்சம் கனமான எஃகு மாடலை எடுக்கிறார்கள். 2024 தொடக்கத்தில் ஸ்மித் அண்ட் வெஸன், லிப்ஸீஸ் என்ற விநியோகஸ்தரோடு சேர்ந்து வெளியிட்ட 'அல்டிமேட் கேரி' வரிசையில் .32 ரகமும் இடம்பெற்றது. உதை குறைவு, தோட்டா ஆறு. பழைய, சாதுவான .32-க்கு மறுபடி கூட்டம் சேர்ந்தது வியப்பில்லை.

பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது

இதில் பேரமே கிடையாது. விசையை முழுசாக மூடும் உறை ஒன்று பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, பேனா என்று வேறு எதுவும் இருக்கக்கூடாது. உறையில்லாமல் துப்பாக்கியைச் செருகியதால் என்ன ஆகும் என்பதற்குப் பிரபலமான உதாரணம் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பரஸ். 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில், அவர் இடுப்பில் செருகியிருந்த துப்பாக்கி நழுவி, அவர் தொடையிலேயே வெடித்தது. அது ரிவால்வர் அல்ல, க்ளாக் பிஸ்டல். ஆனால் பாடம் ஒன்றுதான். அனுமதியில்லாமல் வைத்திருந்ததற்காக அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனையும் கிடைத்தது.

இருப்பதே தெரியாது என்பது நல்லதா?

பாக்கெட் துப்பாக்கியின் பெரிய பெருமையாகச் சொல்லப்படுவது, "வைத்திருப்பதே மறந்துபோகும்" என்பது. உண்மையிலேயே மறக்கிறார்கள். 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,737. அவற்றில் சுமார் 93% தோட்டா நிரப்பியவை. சிக்கியவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் பதில், "பையில் இருந்ததே ஞாபகம் இல்லை." இதற்குப் பல ஆயிரம் டாலர் வரைகூட அபராதம் போகலாம்.

அபராதத்தைக் கட்டிவிடலாம். ராத்திரி நிலைமை வேறு. தினமும் எடுத்துச் செல்லும் துப்பாக்கி தினமும் வீடு திரும்புகிறது. பேன்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அது எங்கே போகிறது? கடையில் எடையைக் கேட்பவர்கள் இதைக் கேட்பதில்லை. 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கிதான். கொலை, தற்கொலை, விபத்து எல்லாம் சேர்ந்த கணக்கு அது. 2021-இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தெருவில் எதிர்ப்படும் முகம் தெரியாத ஆளை நினைத்து வாங்கிய பொருள், வீட்டுக்குள் இருக்கும் ஒருவரின் கெட்ட நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்துவிடுகிறது. கைரேகையிலோ எண்ணிலோ திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி ஒன்றைத் துப்பாக்கியோடு சேர்த்தே வாங்கச் சொல்வது இதனால்தான்.

நம்ம ஊரில்?

இங்கே யாரும் கடைக்குப் போய் "லேசா ஒண்ணு கொடுங்க" என்று கேட்க முடியாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டங்களில் ஆட்சியரும், பெருநகரங்களில் காவல் ஆணையரும் தருவது. உயிருக்கு ஆபத்து இருப்பதற்கான காரணத்தைக் காட்ட வேண்டும், காவல்துறை விசாரணை நடக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம்.

ஆனாலும் லேசான ரிவால்வர் ஆசை இங்கும் எட்டிப் பார்த்தது. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் 'நிர்பீக்' என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கானது என்று அறிமுகப்படுத்தியது. டைட்டானியம் கலவை, 500 கிராம், நகைப்பெட்டி போன்ற ஒரு பெட்டி, விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். துப்பாக்கி கையில் இருந்தால் பெண்ணுக்கு ஆபத்து கூடவும் செய்யலாம் என்று அப்போதே எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அந்தப் பணத்தைக் கட்டி, உரிமமும் வாங்கி, ராத்திரி பஸ்ஸில் வீடு திரும்பும் பெண் யார் என்பதை யாரும் விளக்கவில்லை.

2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்தே 'பிரபல்' வந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், குழல் 76 மில்லிமீட்டர், எடை 700 கிராம். பாக்கெட்டுக்கு அது கொஞ்சம் பெரிசு.