குற்றால மலையை உயர்த்தியது எது?

சாரல் காலத்தில் குற்றாலம் போயிருக்கிறீர்களா? பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. நடுவே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் நிறைந்து, பொங்கி வழிகிறது. அருவி விழ வேண்டுமானால் மலை வேண்டும். அந்த மலையை உயர்த்தியது எது?

இமயமலையின் கதை உங்களுக்குத் தெரியும். இந்திய நிலத்தட்டு யுரேசியத் தட்டோடு மோதியதால் நிலம் மடிந்து உயர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கதை நேர்மாறானது. இங்கே நடந்தது மோதல் அல்ல, பிரிவு. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. பிரிந்த அந்த விளிம்பை ஒட்டித்தான் தபதி முதல் குமரி வரை, 1,600 கி.மீ. நீளத்துக்கு இம்மலை நிற்கிறது.

பிரிந்தால் நிலம் ஏன் உயர வேண்டும்? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு தக்கையின் அடியில் சில ஆணிகளைக் கட்டி, வாளி நீரில் மிதக்க விடுங்கள். பிறகு ஓர் ஆணியைக் கழற்றுங்கள். தக்கை சற்று மேலே எழும்பும்.

கண்டங்களும் இப்படித்தான் மிதக்கின்றன. நீருக்குப் பதிலாக இருப்பது புவிக்கவசம். அது திடப்பொருளே, ஆனாலும் கடும் வெப்பத்தால் மிக மெதுவாக நகர்கிறது. பழமையான கண்டங்களின் அடியில் குளிர்ந்த, கனத்த பாறை 'வேர்' போல ஆழத்தில் இறங்கியிருக்கிறது. கண்டம் பிளந்ததும் பிளவின் ஓரத்தில் கவசம் கலங்குகிறது. அந்தக் கலக்கம் அலைபோல உள்நாட்டை நோக்கி நகர்கிறது. அதன் வேகம் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு 15 முதல் 20 கி.மீ. மட்டுமே! போகும் வழியில் அது வேரின் அடிப்பகுதியை உரித்துக் கீழே விழச் செய்கிறது. சுமை குறைந்த நிலம் தக்கையைப் போல உயர்கிறது.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கெர்னன் குழுவினர் 2024இல் 'நேச்சர்' இதழில் இவ்விளக்கத்தை வெளியிட்டனர். தென் ஆப்பிரிக்கா, பிரேசில் ஆகிய நாடுகளின் பீடபூமிகளையும் நமது மேற்குத் தொடர்ச்சி மலையையும் அவர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்தனர்.

உயர்ந்த நிலத்தை மழை அரிக்கிறது. அரித்த மண்ணை ஆறு கொண்டுபோகிறது. அதனாலும் சுமை குறைந்து நிலம் மேலும் சிறிது எழும்புகிறது. மலை தேய்ந்துகொண்டே நிலைத்து நிற்பதன் இரகசியம் இதுதான்.

மலை நிற்பதால் தென்மேற்குப் பருவக்காற்று அதில் மோதி மழை பொழிகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் தென்காசியை எட்டுகிறது. சிற்றாறு பெருகி வயல்களை நனைத்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது.

அடுத்த முறை அருவியில் தலையை நீட்டும்போது, காலடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் நடந்த வேலையையும் எண்ணிப் பாருங்கள்.