விரல் வழி உறவு

இலண்டனில் வாழும் எமது பெறாமகள் செவிப்புலனற்றவள். அவளுடன் அளவளாவ விழைந்த நாம், கணினி மென்பொருள் ஒன்றின் துணைகொண்டு விரலெழுத்துக்களைப் பயின்றோம். திரையிலே கையொன்று தோன்றும். அஃது எவ்வெழுத்தெனக் கூறல் வேண்டும். பிழைத்தால் மீண்டும் தோன்றும். சலியாத ஆசான்! (எமக்கு அத்துணைப் பொறுமை வாய்த்ததில்லை.) ஆங்கில எழுத்துக்கள் 26உம் ஒரு திங்களிற் கைவந்தன.

விடுமுறைக்கு வந்தவளிடம் அவள் பெயரை விரலால் எழுதினோம். திகைத்து நின்றாள். நாம் கற்றது அமெரிக்கரின் ஒருகை முறை. பிரித்தானியரோ இரு கைகளாலும் எழுதுவர். 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் பள்ளி நிறுவப்பட்டபொழுது ஆசிரியராயமைந்தவர் பிரான்சிலிருந்து சென்ற லோரன் கிளேர். ஆதலின் அமெரிக்கச் சைகைமொழி பிரெஞ்சு வழியிற் சென்றது.

சிறுமி எமது இடக்கையைப் பற்றினாள். பெருவிரல் நுனியைத் தொட்டால் 'ஏ', சுட்டுவிரல் 'ஈ', நடுவிரல் 'ஐ', மோதிரவிரல் 'ஓ', சிறுவிரல் 'யூ'. ஆம், இல்லையென விடைபெறும் வினாவெனில் புருவத்தையும் உயர்த்தல் வேண்டுமாம். கையை மட்டுமே காட்டிய கணினி இதனைச் சொல்லவில்லை.

மறுநாட் காலை, புருவமுயர்த்தி, தேநீர் வேண்டுமாவென எழுத்தெழுத்தாக வினவினோம். இரண்டு கோப்பை வேண்டுமென்றாள்.